ஆஸ்பத்திரியில் கை ஓங்கினால்... ஒரு சட்டத்தின் கதை

1896-ம் வருடம், அக்டோபர் மாதம். பம்பாயில் பிளேக் நோய் பரவிக்கொண்டிருந்த நேரம். ஆர்தர் ரோட்டில் இருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரியை மில் தொழிலாளர்கள் ஒரு பெரிய கூட்டமாக வந்து தாக்கினார்கள். அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் உயிரோடு திரும்புவதில்லை, உள்ளே வைத்துக் கொன்றுவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. வதந்திக்கு ஒரு காரணமும் இருந்தது. நோய் முற்றிய நிலையில்தான் பலரை அங்கே இழுத்துச் சென்றார்கள். இழுத்துச் சென்றது வீடு புகுந்து, போலீஸ் துணையோடு. உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் செத்துத்தான் போனார்கள். ஆகவே ஜனங்கள் தங்கள் கண்ணால் பார்த்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள்.

இந்தியாவில் ஆஸ்பத்திரிகள் மீது நடக்கும் தாக்குதலைப் பற்றிப் பேசும்போது, "இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமை இல்லை" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. அவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். டிவி இல்லை, செல்போன் இல்லை, கார்ப்பரேட் ஆஸ்பத்திரி இல்லை. கோபம் மட்டும் அப்போதே இருந்தது.

அந்தத் தாக்குதல் நடந்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. 1897 பிப்ரவரியில் ஆங்கிலேய அரசு தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டு வந்தது. மொத்தமே நான்கு பிரிவுகள். ஒரு பக்கத்தில் அச்சடித்துவிடலாம். அரசு என்ன உத்தரவு வேண்டுமானாலும் போடலாம், மீறினால் தண்டனை உண்டு என்றது. நான்காவது பிரிவு, இந்தச் சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு செயல்பட்ட எவர் மீதும் வழக்குப் போட முடியாது என்றது. அதாவது அதிகாரிக்குக் கோர்ட்டிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது. வார்டில் நிற்கும் டாக்டருக்கோ நர்ஸுக்கோ கல்லிலிருந்தும் கட்டையிலிருந்தும் பாதுகாப்பு என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதே வருடம் ஜூன் மாதம் பூனாவில் பிளேக் கமிஷனர் ராண்ட் சுடப்பட்டதும், சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வந்துவிட்டன. இந்த 1897-ம் வருடச் சட்டத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 123 வருடம் கழித்து மறுபடி வரும்.

அதற்குப் பிறகு வெகு காலத்துக்கு மருத்துவப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் 1860-ம் வருட இந்திய தண்டனைச் சட்டம்தான். அதிலும் ஒரு பாரபட்சம் உண்டு. அரசு ஊழியரை வேலை செய்ய விடாமல் தாக்கினால் பிரிவு 353, காயப்படுத்தினால் 332. முதலாவதற்கு 2 வருடம் வரை, இரண்டாவதற்கு 3 வருடம் வரை சிறை. அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு இது பொருந்தும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தனியார் நர்ஸிங் ஹோமில் அதே அடியை ஒரு நர்ஸ் வாங்கினால் பிரிவு 323. ஒரு வருடம் வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூட முடியாத குற்றம் அது. 1860-ல் ஆயிரம் ரூபாய் என்பது பெரிய சொத்து. 2000-ல் அது ஒரு நல்ல ஹோட்டலில் குடும்பத்தோடு சாப்பிடும் பில். ரூபாயின் மதிப்பு விழுந்துகொண்டே வந்தாலும் சட்டப் புத்தகத்தில் அந்த எண்ணை யாரும் தொடவில்லை.

இந்த நீண்ட இடைவெளியில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் தாண்டிப் போக முடியாது.

அருணா ஷான்பாக். கர்நாடகத்தின் ஹல்திப்பூரிலிருந்து பம்பாய் வந்து கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தவர். 1973 நவம்பர் 27 அன்று மாலை வேலை முடிந்து, மருத்துவமனையின் அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது அங்கேயே வேலை பார்த்த ஒரு துப்புரவுப் பணியாளன் அவரைத் தாக்கினான். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கி, பாலியல் வன்முறை செய்தான். மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். மூளைக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டதில் அவர் நினைவு திரும்பவே இல்லை. 42 வருடம் அதே மருத்துவமனையின் கட்டிலில் கிடந்து, 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார்.

சட்டம் என்ன செய்தது? குற்றவாளி மீது கொலை முயற்சியும் கொள்ளையும்தான் நிரூபணமாயின. பாலியல் தாக்குதல் என்ற குற்றச்சாட்டே வழக்கில் வரவில்லை. தண்டனை 7 வருடம். அவன் தண்டனையை முடித்துக்கொண்டு வெளியே போனான். அருணா கட்டிலில்தான் இருந்தார்.

இந்த வழக்கு என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கருணைக் கொலை பற்றி 2011 மார்ச் 7-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான். சட்டக் கல்லூரிகளிலும் அப்படித்தான் நடத்துகிறார்கள். ஆனால் இது முதலில் ஒரு வேலையிடத்தின் கதை. இரவு நேரத்தில் ஒரு பெண் ஊழியர் உடை மாற்ற ஒதுக்குப்புறமான அடித்தளத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது என்பது அந்தக் கதையின் முதல் வரி. பம்பாய் நர்ஸுகளுக்கு அது உடனே புரிந்தது. அவர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். அருணாவுக்கு நல்ல கவனிப்பு வேண்டும் என்பதோடு, தங்கள் வேலைச் சூழலும் மாற வேண்டும் என்று கேட்டார்கள். பின்னால் 1980-களில் அந்தக் கட்டிலைக் காலி செய்ய மாநகராட்சி முயன்றபோதும் கே.இ.எம். நர்ஸுகள்தான் தடுத்தார்கள். நாற்பது வருடம் ஒருவருக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். ஒரு சட்டம் இயற்றப்பட எல்லாக் காரணமும் 1973-லேயே இருந்தது. இயற்றப்படவில்லை. நர்ஸுகளின் ஸ்டிரைக்குக்கு அந்த பலம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, தனிச் சட்டங்கள் எப்போது வந்தன? அதற்கு முன் இன்னொரு சட்டத்தைப் பார்க்க வேண்டும். காமர்ஸ் படிப்பவர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று, 1986-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மருத்துவ சேவை அதில் வருமா வராதா என்று பல வருடம் சண்டை நடந்தது. 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரும் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை. காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்றால்தான் நுகர்வோர். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரியில் படுத்தவர் நுகர்வோர் இல்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கையில் ரசீது உள்ளவர் தப்பு நடந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். ரசீது இல்லாதவருக்கு சிவில் கோர்ட்டு இருக்கிறது என்று சொல்வார்கள். கோர்ட்டுக் கட்டணம், வக்கீல் பீஸ், பத்து வருட வாய்தா. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருப்பவருக்கு அது இருந்தும் இல்லாததுதான். அவர் அம்மா செத்துப்போனதற்குக் காரணம் நோயா, தாமதமா, கவனக்குறைவா என்று அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு அவர் கண்ணுக்குத் தெரிகிற ஒரே அதிகாரி, முப்பது மணி நேரமாகத் தூங்காத ஒரு ஹவுஸ் சர்ஜன். அடி அங்கேதான் விழுகிறது. அடித்ததை இது நியாயப்படுத்தாது. ஆனால் அடி எங்கே, யார் மேல் விழுகிறது என்பதை இது விளக்குகிறது. பேராசிரியர்களும் டீன்களும் அடிவாங்கிய செய்தி எத்தனை படித்திருக்கிறோம்?

டாக்டர்கள் பக்கமும் ஒரு பயம் இருந்தது. நோயாளி இறந்தால் கைது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், இன்னொரு டாக்டரின் சுயேச்சையான கருத்தைக் கேட்காமல் வழக்கு நடத்தக்கூடாது, வழக்கம்போலக் கைது செய்யக்கூடாது என்று வழிமுறை சொன்னது. பதினேழு வருடம் கழித்து, 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் லால்சோட்டில், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கால் ஒரு பெண் இறந்ததற்கு டாக்டர் அர்ச்சனா சர்மா மீது கொலை வழக்கே பதிவு செய்தார்கள். அவர் மறுநாள் தற்கொலை செய்துகொண்டார். உச்ச நீதிமன்றத்தின் வழிமுறை ஒரு போலீஸ் ஸ்டேஷன் வரை போய்ச் சேர பதினேழு வருடம் போதவில்லை.

மாநிலங்களின் தனிச் சட்டங்கள் 2008-ல் தொடங்கி வரிசையாக வந்தன. ஜூனியர் டாக்டர்களின் தொடர் போராட்டங்களுக்குப் பிறகு ஆந்திரா முதலில் செய்தது. பிறகு டெல்லி, ராஜஸ்தான், ஒடிசா, கர்நாடகம், மேற்கு வங்கம், மகாராஷ்டிரா, கேரளா. 2008-லேயே தமிழ்நாடும் 48-வது சட்டமாக ஒன்றை இயற்றியது. பெயர் ரொம்ப நீளம். மருத்துவப் பணியாளர்கள் மற்றும் மருத்துவ நிறுவனங்கள் மீதான வன்முறை, சொத்துச் சேதம் ஆகியவற்றைத் தடுக்கும் சட்டம் என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆந்திரா வழியில் போன மாநிலங்களில் தண்டனை 3 வருடம் வரை சிறை, ரூ.50,000 வரை அபராதம். தமிழ்நாடு ஒரு படி மேலே போய் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 10 வருடம் என்றது. ஜாமீனில் விட முடியாத குற்றம். முன்பு இருந்த அரசு, தனியார் வித்தியாசமும் போனது. இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் ஷரத்துகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இரண்டு விஷயம் உறுத்தும்.

ஒன்று, யாருக்குப் பாதுகாப்பு என்ற பட்டியல். பதிவு பெற்ற டாக்டர்கள், நர்ஸுகள், மருத்துவ மாணவர்கள், நர்ஸிங் மாணவர்கள், பாராமெடிக்கல் ஊழியர்கள். இந்த வகைச் சட்டங்களின் பட்டியல் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் டிரைவர், வார்டைப் பெருக்குகிறவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் யாரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. கூட்டம் உள்ளே புகும்போது முதல் அடி வாங்குவது கேட்டில் நிற்பவர். அவர் பெயர் பட்டியலில் இல்லை!

இரண்டாவது, நஷ்ட ஈடு. ஆந்திரா முதல் பல மாநிலச் சட்டங்களில் ஒரே மாதிரி காணப்படும் ஷரத்து இது. உடைக்கப்பட்ட மருத்துவக் கருவியின் கொள்முதல் விலையைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும். கொள்முதல் விலை என்பதைக் கவனியுங்கள். பத்து வருடம் ஓடித் தேய்ந்த ஸ்கேன் மெஷினை உடைத்தாலும் வாங்கிய அன்றைய விலைக்கு இரு மடங்கு. தேய்மானம் கழிக்க வேண்டாமா என்று எந்த அக்கவுண்டன்சி வாத்தியாரும் கேட்பார். அதைவிடப் பெரிய கேள்வி வேறு. மெஷினுக்கு இரு மடங்கு என்று கணக்குப் போட்ட அந்த ஷரத்து, அடிபட்ட மனிதருக்கு என்ன என்று பேசவே இல்லை. தாடை உடைந்த நர்ஸ், கண் போன டாக்டர் ஆகியோருக்கு எதற்கும் மடங்கு கிடையாது. சட்டத்தின் பெயரில் மனிதர் முன்னால் வந்தாலும் கணக்கில் கண்ணாடி ஜன்னல்தான் முன்னால் நின்றது.

சட்டம் வந்து நான்காவது வருடம், 2012 ஜனவரி 2. தூத்துக்குடியில் டாக்டர் சேதுலட்சுமி மருத்துவமனையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சிகிச்சைக்கு வந்த கர்ப்பிணிப் பெண் இறந்துபோனதற்காக அந்தப் பெண்ணின் கணவர் செய்த கொலை. தமிழ்நாடு முழுவதும் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியாவிலேயே கடுமையான தண்டனை உள்ள சட்டங்களில் ஒன்று அப்போது அமலில் இருந்த மாநிலம் இது. பத்து வருட சிறை என்பது கத்தியோடு வந்தவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால்தான் நின்றிருப்பாரா? சட்டம் ஒன்று இருப்பதே பல போலீஸ் ஸ்டேஷன்களில் தெரியவில்லை, அதன் பிரிவைப் போடாமல் பழைய இ.பி.கோ. பிரிவுகளிலேயே வழக்குப் பதிகிறார்கள் என்பது டாக்டர் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன புகார்.

மத்திய அரசுச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இங்கிருந்துதான் வலுப்பெற்றது. போலீசும் ஆஸ்பத்திரியும் மாநிலப் பட்டியல் என்பது டெல்லியின் வழக்கமான பதில். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில்தானே இருக்கிறது என்பது டாக்டர்களின் எதிர்க்கேள்வி. 2019 ஜூனில் கொல்கத்தா என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரியில் வயதான நோயாளி ஒருவர் இறந்ததையடுத்து ஒரு கூட்டம் புகுந்து அடித்ததில் ஒரு ஜூனியர் டாக்டரின் மண்டையோடு உடைந்தது. மேற்கு வங்கத்தில் ஒரு வாரம் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. ஜூன் 17 அன்று நாடு முழுக்க ஸ்டிரைக். அந்த சூட்டில் சுகாதார அமைச்சகம் செப்டம்பரில் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. கொடுங்காயம் ஏற்படுத்தினால் 10 வருடம் வரை சிறை, ரூ.10 லட்சம் வரை அபராதம். டிசம்பரில் உள்துறை அமைச்சகம் ஆட்சேபம் சொல்ல, மசோதா அப்படியே படுத்துவிட்டது. ஒரு தொழிலுக்குத் தனிச் சட்டம் போட்டால் வக்கீல், போலீஸ் என்று எல்லோரும் கேட்பார்கள் என்பது ஆட்சேபத்தின் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபமும் சாவும் ஒரே அறையில் தினசரி சந்திக்கிற வேலையிடம் வேறு எது என்று அமைச்சகம் சொல்லவில்லை.

மூன்றே மாதத்தில் கொரோனா வந்தது.

2020 ஏப்ரல் 1 அன்று இந்தூரில், தொற்று உள்ளவர்களைத் தேடிப் போன சுகாதாரக் குழுவைக் கல்லெறிந்து துரத்தினார்கள். ஏப்ரல் 19 இரவு சென்னையில் நடந்தது அதைவிடக் கேவலம். கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்பு கிளம்ப, வேலங்காட்டுக்கு எடுத்துப் போனார்கள். அங்கே ஆம்புலன்ஸ் மீது கல்லும் கட்டையும் விழுந்தன. டிரைவர்கள் ரத்தத்தோடு வண்டியைத் திருப்பினார்கள். பிறகு நள்ளிரவில் நண்பரான டாக்டர் பிரதீப் குமார், வார்டு பாய்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மறுபடி போய், தானே மண்ணைத் தள்ளி நண்பரைப் புதைத்துவிட்டு வந்தார். அந்த இரவில் அடிவாங்கியவர்களில் பலர் 2008-ம் வருடச் சட்டத்தின் பட்டியலில் இல்லாதவர்கள். சம்பவம் நடந்தது ஆஸ்பத்திரி வளாகத்திலும் இல்லை, இடுகாட்டில்.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 22-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. எந்தச் சட்டத்தைத் திருத்தி? அந்த 1897-ம் வருட பிளேக் சட்டத்தைத்தான்! டிசம்பரில் முடியாது என்றது ஏப்ரலில் ஒரே நாளில் முடிந்தது. தாக்கினால் 3 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். கொடுங்காயம் என்றால் 6 மாதம் முதல் 7 வருடம் வரை, அபராதம் ரூ.1 லட்சம் முதல் ரூ.5 லட்சம் வரை. இன்ஸ்பெக்டர் 30 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும், வழக்கை ஒரு வருடத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும். சமுதாய சுகாதாரப் பணியாளர்களும் பட்டியலில் வந்தார்கள். அடிபட்டவருக்கும் நஷ்ட ஈடு என்று இந்தமுறை எழுதினார்கள். சொத்துக்கு இரு மடங்கு அப்படியே இருந்தது, ஆனால் கொள்முதல் விலை போய் சந்தை மதிப்பு வந்தது. (அக்கவுண்டன்சி வாத்தியாருக்கு நிம்மதி.) செப்டம்பரில் நாடாளுமன்றம் இதை நிரந்தரத் திருத்தமாக்கியது.

நல்ல சட்டம். ஒரே குறை, தொற்றுநோய் இருந்தால்தான் வேலை செய்யும். கொரோனா வார்டில் அடித்தால் ஒரு சட்டம், கொரோனா போனபின் அதே வார்டில் அதே டாக்டரை அடித்தால் இன்னொரு சட்டம்.

அடுத்தது கேரளா. 2023 மே 10 அதிகாலை, கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரி. காலில் அடிபட்டிருந்த ஒருவரைப் போலீஸ்காரர்கள் சிகிச்சைக்குக் கூட்டி வந்தார்கள். கட்டுப் போடும்போது அந்த ஆள் வெறிபிடித்து, கத்தரிக்கோலை எடுத்து எல்லோரையும் குத்த ஆரம்பித்தார். மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். 23 வயது ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸ் மாட்டிக்கொண்டு பலமுறை குத்தப்பட்டு இறந்தார். போலீஸ் அருகில் இருக்கும்போதே நடந்தது இது. இரண்டே வாரத்தில் கேரள அரசு 2012-ம் வருடச் சட்டத்தை அவசரமாகத் திருத்தியது. தண்டனை உயர்ந்தது. செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் டிரைவர், உதவியாளர்கள் எல்லோரும் ஒருவழியாகப் பட்டியலில் சேர்ந்தார்கள். ஆனால் போலீஸ் கூட்டி வரும் ஆளை எப்படி, யார் காவலில், எந்த அறையில் வைத்துப் பார்ப்பது என்ற கேள்விக்கும் தண்டனை வருடங்களுக்கும் சம்பந்தமே இல்லை. வந்தனா சாகக் காரணமானது முதல் கேள்வி. திருத்தம் பெரும்பாலும் பேசியது இரண்டாவதைப் பற்றி.

இங்கே கொஞ்சம் வெளிநாட்டைப் பார்ப்பது உதவும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதே பிரச்சினையை வேறு வாசல் வழியாகப் பிடித்தது. 2014-ல் நிறைவேறிய ஒரு சட்டம், ஆஸ்பத்திரி வன்முறையை வேலையிடப் பாதுகாப்பு விஷயமாக எடுத்துக்கொண்டது. தொழிற்சாலையில் மெஷினுக்குக் கம்பி வேலி போடுவது முதலாளியின் கடமை என்பது போல, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வன்முறைத் தடுப்புத் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். நடந்த ஒவ்வொரு சம்பவத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இதற்கான விதிகள் 2017-ல் அமலுக்கு வந்தன. அங்கே நர்ஸுகளின் யூனியன் பலமானது, அதனால்தான் இது நடந்தது. அங்கே வன்முறை ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சம்பவம் நடந்தால் அடித்தவரோடு நிர்வாகத்தையும் கேள்வி கேட்க முடிகிறது. இந்திய மாநிலச் சட்டங்களில் நிர்வாகம் என்பது பெரும்பாலும் கண்ணாடி உடைந்ததற்குப் புகார் கொடுக்கும் ஆள் மட்டுமே.

2024 ஆகஸ்ட் 9 கொல்கத்தாவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் 31 வயது முதுகலைப் பயிற்சி டாக்டர் பாலியல் வன்முறை செய்து கொல்லப்பட்டார். பெயரைச் சொல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை. நீண்ட நேர டியூட்டிக்கு நடுவில் அவர் ஓய்வெடுக்கப் போன இடம் செமினார் ஹால். கொன்றவன் போலீசுக்கு உதவியாக வேலை பார்த்த ஒரு தன்னார்வலன், ஆஸ்பத்திரிக்குள் தடையில்லாமல் வந்துபோகக்கூடியவன். 2025 ஜனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடித்தளத்தில் உடை மாற்றிய நர்ஸுக்கும் செமினார் ஹாலில் படுத்த டாக்டருக்கும் நடுவில் 51 வருடம். இடையில் வந்த மாநிலச் சட்டங்கள் கோபத்தில் புகும் உறவினர் கூட்டத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உள்ளே சகஜமாக நடமாடும் ஆள் அவற்றின் கற்பனையிலேயே இல்லை.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, ஆகஸ்ட் 20 அன்று தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அந்த உத்தரவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பணிக்குழு கவனிக்க வேண்டியவை என்று நீதிபதிகள் போட்ட பட்டியலில் ஆண் டாக்டர், பெண் டாக்டர், ஆண் நர்ஸ், பெண் நர்ஸ் எல்லோருக்கும் தனித்தனி ஓய்வறை, எல்லா இடத்திலும் போதிய வெளிச்சம், கேமரா, இரவு 10 முதல் காலை 6 வரை போய்வர வண்டி வசதி, துக்கத்திலும் பதற்றத்திலும் இருக்கும் உறவினர்களிடம் எப்படிப் பேசுவது என்ற பயிற்சி எல்லாம் இருந்தன. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் டியூப் லைட்டையும் பாத்ரூமையும் பற்றி எழுத வேண்டி வந்தது. 1973-ல் பம்பாய் நர்ஸுகள் கேட்டதும் ஏறக்குறைய இந்த மாதிரி விஷயங்கள்தான்.

பணிக்குழு நவம்பரில் அறிக்கை கொடுத்தது. 24 மாநிலங்களில் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது, சிறு குற்றங்களை அவை பார்த்துக்கொள்ளும், பெரிய குற்றங்களுக்கு 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா போதும், தனி மத்தியச் சட்டம் தேவையில்லை என்றது. ஆஸ்பத்திரிகளில் பாதுகாப்புக் குழுக்கள் அமைப்பது போன்றவை பரிந்துரைகளாக வந்தன. உத்தரவாக இல்லை. (323-ம் பிரிவின் ஆயிரம் ரூபாய் இந்தப் புதிய சட்டத்தில் பத்தாயிரம் ஆனது. 164 வருடத்துக்கு ஒரு சைபர்.)

அறிக்கைச் செய்தி வந்த சில நாட்களில், நவம்பர் 13 காலை, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டர் பாலாஜி ஜெகநாதன் அவருடைய அறைக்குள்ளேயே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன். அம்மாவுக்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. நோயாளியின் மகன் டாக்டரைப் பார்க்கப் போவதை யாரும் தடுக்கக் காரணம் இல்லை. கழுத்திலும் தலையிலும் காயம்பட்ட டாக்டர், அதே ஆஸ்பத்திரியில் சக டாக்டர்கள் கொடுத்த சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். அரசு டாக்டர்கள் ஸ்டிரைக் அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு திரும்பினார்கள். வழக்கில் புதிய சன்ஹிதாவின் பிரிவுகளோடு 2008-ம் வருடத்தின் 48-வது சட்டத்தையும் இந்தமுறை போலீசார் மறக்காமல் சேர்த்தார்கள்.